ஒரு எல்க், ஐந்து நடை: கொலராடோ மலைவேட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்வர் பக்கம் குடியேறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டுப் போய்த்தான் வேட்டை பழகினேன். முதல் நான்கு பருவம் ஒன்றையும் சுடவில்லை. மூச்சு வாங்க மலை ஏறி இறங்கியதோடு சரி. அதன் பிறகு கிடைத்தவற்றையெல்லாம் முதுகில் சுமந்தே கொண்டுவந்தேன். நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றி. நான் பேச விரும்புவது சுமையைப் பற்றி. இரண்டுக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்க் என்றால் எந்த மான்? நம்மூர்க் கடமானா?

இல்லை. ஆனால் கேள்வியில் தப்பில்லை. ஊட்டி எல்க் ஹில் முருகன் கோயிலுக்குப் போனவர்கள், நீலகிரியில் ஏது எல்க் என்று யோசித்திருப்பீர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் கடமானைத்தான் எல்க் என்று எழுதினார்கள். ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ். வட அமெரிக்காவில் எல்க் என்பது வேறொரு பெரிய மான். ஷானி பழங்குடியினரின் சொல்லில் வாபிட்டி, அதாவது வெள்ளைப் பிட்டம். வளர்ந்த கிடா 300 கிலோவைத் தாண்டும், பெட்டை 220 கிலோ அளவில் நிற்கும். செப்டம்பரில் இணைசேரும் காலத்தில் கிடா போடும் சத்தம் புல்லாங்குழலும் கதவுக் கீலும் சேர்ந்து அழுவதுபோல இருக்கும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்தா இந்தக் குரல் என்று தோன்றும்.

இதற்கெல்லாம் அனுமதி உண்டா? அழிந்துவரும் விலங்கு இல்லையா?

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வேட்டை முடிந்த கதை. இங்கே நிலைமை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவிலும் எல்க் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டது, விற்பனைக்காகச் சுட்டார்கள். பிறகு வயோமிங்கிலிருந்து ரயிலில் ஏற்றிவந்து விட்டார்கள். இன்று அமெரிக்க மாநிலங்களில் எல்க் அதிகம் இருப்பது கொலராடோவில்தான், இரண்டரை லட்சத்துக்கும் மேல். எந்த மலைப்பகுதியில் எத்தனை சுடலாம், கிடாவா பெட்டையா என்பதை மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் முடிவுசெய்கிறது. 1937-இல் வந்த ஒரு கூட்டரசுச் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது.

உரிமம் எப்படி வாங்குவது?

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்று வேண்டும். நல்ல பகுதிகளுக்குக் குலுக்கல். ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு எல்க் உரிமம் 800 டாலர் அளவில் வரும், உள்ளூர்க்காரருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பல பகுதிகளில் கிடா என்றால் ஒரு பக்கக் கொம்பிலாவது நான்கு கிளை இருக்க வேண்டும், அல்லது புருவக்கிளை, அதாவது கொம்பின் அடியில் முன்பக்கம் கிளம்பும் கிளை, ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். தொலைநோக்கி வைத்து எண்ணிவிட்டுத்தான் விசையில் விரலை வைக்கலாம்.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. நண்பனின் துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு கனவை ஒரு சனிக்கிழமை குலைத்துவிடக் கூடாது.

ஒரு எல்க்கில் எவ்வளவு கறி தேறும்?

இந்தக் கணக்கு புரிந்தால் மற்றதெல்லாம் தானே புரியும். நடுத்தரக் கிடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்போடு பின்னந்தொடை ஒவ்வொன்றும் 27 கிலோ வரும், முன்சப்பை ஒவ்வொன்றும் 20 கிலோ. முதுகுக்கறி, கழுத்துக்கறி, விலாக்கறி எல்லாம் சேர்த்து இன்னொரு 20 கிலோவுக்கு மேல். ஆக 115 கிலோவைத் தாண்டுகிறது. கொம்பும் மண்டையும் தனி.

என் எடை 72 கிலோ. மலையில் நான் ஒழுங்காகச் சுமக்கக்கூடியது 27, 28 கிலோ. ஆக ஐந்து நடை. வண்டியிலிருந்து 3 கி.மீ. தள்ளி விழுந்தது என்று வையுங்கள். ஐந்து முறை சுமையோடு வெளியே, நான்கு முறை வெறும் முதுகோடு உள்ளே: மொத்தம் 27 கி.மீ. சுமையோடு மணிக்கு ஒன்றரை கி.மீ. போனால் கெட்டிக்காரர். தனியாள் என்றால் இரண்டு முழு நாள். இன்னும் இரண்டு பேர் கூட இருந்தால் ஒருநாள் வேலை.

அப்படியானால் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம்?

தூரத்தைவிட இறக்கத்தைப் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே விழுந்த எல்க் பரவாயில்லை, சுமை இறங்கத்தான் வேண்டும். கீழே பள்ளத்தாக்கில் விழுந்ததை 300 மீட்டர் ஏற்ற வேண்டுமென்றால் 3 கி.மீ. சமதூரம் அதற்கு எவ்வளவோ மேல். சான் வான் மலைகளில் நாங்கள் முகாமிடும் இடமே 3,000 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் எழுபது சதவீதம்தான். ஊரிலிருந்து வந்த அன்றே வேட்டைக்கு ஏறுகிறவர்கள் தலைவலி, வாந்தி என்று கூடாரத்தில் படுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் முன்னதாக வந்து தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலி விடவில்லை என்றால் கீழே இறங்குங்கள்.

ஒரு வருஷம் எதிர்ச் சரிவில் அருமையான கிடா நின்றது. 200 மீட்டர்தான் இருக்கும். நடுவில் ஓர் ஆழமான பிளவு. நான் துப்பாக்கியைத் தூக்கினேன். பெரியவர் குரலை உயர்த்தாமல், "அதைச் சுட்டால் அங்கேயே சமைத்துத்தான் சாப்பிட வேண்டும்" என்றார். கீழே வைத்துவிட்டேன். இன்றுவரை கனவில் வரும் கிடா அதுதான் என்பது வேறு விஷயம்.

எங்கே தேடுவது?

விடியலிலும் அந்தியிலும் புல்வெளி ஓரம், பகலில் வடக்குப் பார்த்த சரிவின் அடர்ந்த ஸ்ப்ரூஸ் காடு. நிழலும் குளிர்ச்சியும் அங்கேதான். கண்ணைவிட மூக்குதான் எல்க்குக்குக் காவல். வெயில் ஏறியதும் மலைக்காற்று சரிவில் மேலே போகும், சாயங்காலம் குளிர்ந்து கீழே இறங்கும். அதனால் காலையில் வெயில் பட்ட பிறகு மேலிருந்து அணுகுங்கள், அந்தியில் கீழிருந்து. பிடரியில் காற்று படுகிறது என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்.

எந்தத் துப்பாக்கி?

.270, .30-06, 7 மி.மீ. மேக்னம், எதுவும் போதும். இதைப் பற்றி இரவெல்லாம் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். ரைஃபிள் பருவத்தில் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறத்தில் பளிச்சென்ற மேலுடையும் தொப்பியும் கட்டாயம். இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலமாவது தெரிய வேண்டும்.

சுட்டவுடன் ஓடிப்போய்ப் பார்க்கலாமா?

கூடாது. அரைமணி நேரம் உட்காருங்கள். நுரையீரலில் பட்டது பெரும்பாலும் கிட்டத்திலேயே விழுந்து கிடக்கும். அவசரப்பட்டு விரட்டினால் அடிபட்ட மிருகம் இன்னும் ஒரு மலை தாண்டிப் போய் விழும், உங்கள் கணக்கில் நடை கூடும். வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அது மிருகத்துக்கும் கொடுமை, கறிக்கும் கேடு. சந்தேகமென்றால் சுடாமல் இருப்பதே மேல். விழுந்ததை உறுதிசெய்ததும், கத்தியை எடுப்பதற்கு முன் உரிமத்தோடு வந்த அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

செங்குத்தான சரிவில் எப்படி அறுப்பது?

முதலில் கட்டுங்கள். இதை மட்டும் சொல்லாமல்தான் எல்லோரும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு காலை எடுத்ததும் உடம்பின் எடை மாறி, 300 கிலோ அப்படியே உருண்டு ஓடைக்குப் போய்விடும், நடுவில் நீங்கள் நின்றால் உங்களையும் கூட்டிக்கொண்டு. மேலே இருக்கும் மரத்தில் பின்னங்காலையும் கொம்பையும் மெல்லிய நைலான் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

வயிற்றைக் கிழிக்காமலே அறுக்கும் முறைதான் இந்த மலைக்கு ஏற்றது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து வால்வரை முதுகெலும்பு வழியே தோலைக் கீறி வயிற்றுப்பக்கம் உரித்துக்கொண்டே போங்கள். கத்தி தோலுக்கு உள்ளிருந்து வெளியே பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வெட்டினால் கறி முழுக்க மயிர் ஒட்டும், பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான். முன்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் அறுத்தால் கையோடு வந்துவிடும். அதற்கு எலும்பு மூட்டே கிடையாது, வெறும் சதைதான் உடம்போடு பிடித்திருக்கிறது. ஆட்டுக்கறிக்கடையில் சப்பை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பின்னந்தொடைக்கு இடுப்பெலும்பை ஒட்டியே கத்தியை ஓட்டிப் பந்து மூட்டைத் தேடுங்கள். அதன் நடுவில் உள்ள தசைநாரை அறுத்ததும் 'டொப்' என்று கழன்றுகொள்ளும். அந்த நேரம் 27 கிலோவும் உங்கள் தோளில் சாயும், தயாராக இருங்கள். பிறகு முதுகுக்கறி நீளவாக்கில், கழுத்து, விலா இடுக்கு. கடைசி விலாவுக்குப் பின்னால் குடலைக் கையால் அமுக்கிக்கொண்டு உள்ளே விட்டால், முதுகெலும்புக்கு அடியில் விரல்களுக்கு வழுவழுப்பான ஒரு சதை தட்டுப்படும். அதுதான் உடம்பிலேயே மிருதுவான கறி, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. புரட்டிப்போட்டு மறுபக்கமும் இப்படியே.

கொலராடோ சட்டப்படி நான்கு கால்களும், முதுகுக்கறியும், அந்த உள்சதையும் கட்டாயம் வெளியே வர வேண்டும். ஈரல், குடல் கட்டாயமில்லை. ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஒரு துண்டிலாவது இயற்கையாக ஒட்டியபடியே இருக்க வேண்டும். அதை அறுத்துத் தனியாகப் பையில் போட்டால் செல்லாது.

கத்தி?

மாற்றும் அலகு உள்ள சிறிய கத்தி ஒன்று, சாதாரண நிலைக்கத்தி ஒன்று. அலகு மாற்றும் கத்தியை மூட்டுக்குள் விட்டு நெம்பாதீர்கள், முனை ஒடிந்து கறிக்குள் தங்கிவிடும். மலையில் நான் பார்த்த காயங்களில் பாதி இருட்டில், களைப்பில், சொந்தக் கையில் போட்டுக்கொண்ட வெட்டு. நெற்றி விளக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கறி எவ்வளவு நேரம் தாங்கும்?

என் முதல் கிடாவை இதில்தான் கெடுத்தேன். செப்டம்பர், மாலை ஐந்து மணி. குடலை மட்டும் எடுத்துவிட்டு, இருட்டிவிட்டதே, ராத்திரி எப்படியும் உறைபனி விழும், மலையே குளிர்சாதனப் பெட்டி என்று நினைத்துத் தோலோடு விட்டுவிட்டு முகாமுக்குப் போனேன். காலையில் வந்து தொட்டால் தோல்மேல் வெள்ளைப் பனி, கை விறைத்தது. தொடையைக் கழற்றி எலும்பை ஒட்டி விரலை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது, கூடவே புளித்த வாடை. ஒரு பக்கத் தொடையின் உட்புறம் பச்சை பாய்ந்திருந்தது. எட்டு கிலோவுக்கு மேல் வெட்டி எறிந்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்க்கின் தோல் நல்ல கம்பளி. செத்த பிறகும் உடம்புச் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும். முதலில் கெடுவது தொடையெலும்பின் பந்து மூட்டைச் சுற்றித்தான், அடுத்தது கழுத்து. அதனால் எத்தனை மணி ஆனாலும் தோலை உரித்து, காலைப் பிரித்து, பருத்திப் பையில் போட்டு, நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிட்ட பிறகே தூங்குங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் அதற்குள் அவிந்துவிடும். மேல்பக்கம் காய்ந்து மெல்லிய பொருக்கு கட்டினால் ஈ முட்டையிடாது. இரவு உறைநிலைக்குக் கீழே போய், பகலில் நிழல் பத்து டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருந்தால் மூன்று நாளுக்குக் கவலையில்லை. அக்டோபர் கடைசியில் பிரச்சினை தலைகீழ்: உறைந்த தொடை பாறாங்கல் போல முதுகில் குத்தும்.

எலும்போடு சுமப்பதா, எலும்பை எடுத்துவிட்டா?

எலும்பை எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு நடையில் பாதிக்கு மேல் மிச்சம், கறியும் சீக்கிரம் ஆறும். ஆனால் எலும்பில்லாத கறி மூட்டைக்குள் ஊற்றிய மாவுபோல அடியில் போய்த் தேங்கும், நடக்க நடக்க இடுப்பைப் பின்னால் இழுக்கும். 2 கி.மீ.க்குள் என்றால் நான் எலும்போடுதான். அதற்கு மேல் என்றால் அங்கேயே உட்கார்ந்து எடுத்துவிடுவேன், ஒரு தொடையில் மட்டும் அந்த அடையாள உறுப்பை விட்டுவைத்து.

முதுகில் எப்படிக் கட்டுவது?

முதுகுப்பக்கம் விறைப்பான சட்டகம் வைத்த பை வேண்டும். சட்டகத்துக்கும் பைக்கும் நடுவில் கறியை வைக்க ஒரு தட்டு இருக்கும். சுமை தோள்பட்டைகளுக்கு நடுவில், முதுகோடு ஒட்டி, உயரமாக இருக்க வேண்டும். இடுப்புப் பட்டைதான் எடையைத் தாங்க வேண்டும், தோளில் மாட்டும் பட்டை சும்மா அணைத்துப் பிடிக்க. நம்மூரில் சும்மாடு கட்டித் தலையில் தூக்கியவர்களுக்குத் தெரியும், எடை எலும்புக்கு நேராக இருந்தால் பாதி கனம் தெரியாது.

எழுந்து நிற்பதுதான் பெரிய வித்தை. பையைச் சரிவில் உங்களுக்கு மேற்புறமாக வைத்து, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து பட்டைகளை மாட்டி, ஒருபக்கமாக உருண்டு முழங்காலுக்கு வந்து, ஊன்றுகோல் இரண்டையும் பிடித்து எழுங்கள். கோல் இல்லாமல் போகவே போகாதீர்கள். இறக்கத்தில் கோலை நீளமாக்கி, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டுவதுதான் முழங்காலுக்கு எமன். நெஞ்சு எரிந்தாலும் சுற்றிப் போங்கள்.

முதல் நடைக்குப் பின்னந்தொடை. கனமானதும் அதுதான், முதலில் கெடுவதும் அதுதான், உங்களுக்குத் தெம்பு இருப்பதும் அப்போதுதான். கரடி உள்ள இடமென்றால் எல்லாவற்றையும் 300 மீட்டர், 300 மீட்டராக நகர்த்துவேன்: ஒன்றை வைத்துவிட்டுத் திரும்பி அடுத்தது. வெறும் முதுகோடு திரும்பும் நடையே ஓய்வு, மூட்டைகளும் கண்பார்வையில் இருக்கும். கேலியாக இருக்கும், நாள் முடிவில் முழங்கால் நன்றி சொல்லும்.

வண்டி, குதிரை எதுவும் கிடையாதா?

கொலராடோவின் பெரிய காப்புக்காடான வெமினூச் போன்ற இடங்களில் 1964-ஆம் ஆண்டு காப்புக்காட்டுச் சட்டப்படி மோட்டார் மட்டுமல்ல, தள்ளுவண்டிச் சக்கரம்கூட உருளக்கூடாது. கால் உண்டு, குளம்பு உண்டு. நல்ல கோவேறு கழுதை 65, 70 கிலோ சுமக்கும், இரண்டு இருந்தால் ஒரு எல்க் முடிந்தது. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். அரை கிலோ வித்தியாசத்துக்கே சேணம் சரியும் என்று தராசில் நிறுத்திக் கட்டுவார்கள். லாமா 30 கிலோதான், ஆனால் சொன்ன பேச்சு கேட்கும். ரத்த வாடைக்குப் பழகாத குதிரையைக் கொண்டுபோனால், அது உங்களுக்கு முன்னால் ஊர்போய்ச் சேர்ந்துவிடும்.

பொதிக்காரரை வேட்டைக்குப் போவதற்கு முன்பே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஒரு வருஷம் ஒருவர் தொலைபேசியில் 'வருகிறேன்' என்றதை நம்பினேன். வரவில்லை. மலைமேல் சிக்னல் பிடித்து மறுபடி கூப்பிட்டபோது வேறு யாரோ கூடுதலாகக் கொடுத்தார்களாம். ஐந்து நடை.

கரடி வராதா?

கொலராடோவில் கருங்கரடி, வயோமிங், மொன்டானாவில் யெல்லோஸ்டோனைச் சுற்றி கிரிஸ்லி. குடல் கிடக்கும் இடத்திலிருந்து கறியை நூறு மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்க முடிகிற இடத்தில் தொங்கவிடுங்கள். மறுநாள் திரும்பும்போது சத்தம் போட்டுக்கொண்டே, காற்று உங்கள் பக்கமிருந்து போகும்படி வாருங்கள். மூட்டை இடம் மாறியிருந்தாலோ மண் கிளறி மேலே போட்டிருந்தாலோ அது இனி உங்கள் கறி இல்லை. கிரிஸ்லி உள்ள ஊரில் மிளகுத் தெளிப்பான் இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் அல்ல.

நோய் பற்றிச் சொல்கிறார்களே?

மான்களின் மூளையைத் தின்னும் ஒரு நோய் உண்டு, பிரியான் என்ற உருத்திரிந்த புரதத்தால் வருவது. 1967-இல் இதே கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில்தான் முதலில் கண்டார்கள். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோய் உள்ள மிருகத்தைச் சாப்பிட வேண்டாம் என்பதே அரசின் அறிவுரை. தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கட்டியைப் பரிசோதிப்பார்கள். அதற்குத் தலையையும் சுமக்க வேண்டும். முதுகெலும்பை வெட்டாமல் அறுக்கும் மேற்சொன்ன முறை இதற்கும் நல்லது. மாநில எல்லை தாண்டுகிறவர்கள் மூளை, தண்டுவடம் கொண்டுபோகும் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொம்பை முதலில் எடுத்துக்கொள்ளலாமா? படம் எடுக்கத்தான்.

கடைசி நடையில். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கறியைக் காட்டில் விட்டால் இங்கே அது பெருங்குற்றமாகவே பதிவாகலாம். மேல் தாடையில் தந்தம் போன்ற இரண்டு பற்கள் இருக்கும், அவை சட்டைப்பையில் அடங்கும். க்ரோ பழங்குடிப் பெண்களின் ஆடையில் அவற்றை வரிசை வரிசையாகத் தைத்திருப்பதை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். ஒரு எல்க்குக்கு இரண்டே பல். அந்த ஒரு ஆடைக்கு எத்தனை வேட்டை, எத்தனை சுமை என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.

கவுச்சி அடிக்குமா? எப்படிச் சமைப்பது?

ஒழுங்காக ஆறிய கறி கவுச்சி அடிக்காது. அடித்தால் சமையலைக் குறை சொல்லாதீர்கள், மலையில் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். மாட்டுக்கறியைவிட நிறம் கறுப்பு, கொழுப்பு மிகக் குறைவு. இருக்கும் கொழுப்பும் வாயில் மெழுகாக ஒட்டும், சவ்வோடு சேர்த்துச் சீவி எறிந்துவிடுங்கள். முதுகுக்கறியை மசாலாவில் மூழ்கடிப்பது பாவம். உப்பும் மிளகும் தடவி, நெய்யில் சுட்டு, நடுவில் சிவப்பாக இருக்கும்போதே எடுங்கள். நம் குழம்புக்கு ஏற்றது கால்சதையும் கழுத்தும். சின்ன வெங்காயம், நிறைய மிளகு, சோம்பு, கடைசியில் தேங்காய். குக்கரில் ஆட்டுக்கறிக்கு வைப்பதுபோல இரண்டு மடங்கு விசில். என் மனைவி முதல் வருஷம் சமையலறைக்குள் விடவில்லை; இப்போது நல்லி எலும்பு எங்கே என்று கேட்கிறாள், எலும்பை மலையிலேயே விட்டுவிட்டேன் என்றால் முகம் சுளிக்கிறாள்.

நண்பர்களுக்கு விற்கலாமா?

கூடாது. காட்டுக்கறியை விற்பது சட்டவிரோதம். கொடுக்கலாம். கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பேன். ஆனால் போன வருஷத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: கறி வேண்டுமென்றால் ஒரு நடை வரவேண்டும். பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள். இப்போது இரண்டு பேர்.